அரசுப் பணத்தில் இயக்கத்தினர் நடத்தும் பள்ளியில் வேலைக்குச் சேருமுன்: எல்லைப்புற ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் தமிழ்வழியில் படித்து, கணிதத்திலோ அறிவியலிலோ பட்டமும் பி.எட்.டும் முடித்து, கே-டெட் எனும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இப்போது வெளிநாட்டுப் பள்ளிகளின் அறிவிப்புகளையும் கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு ஆசிரியர் பற்றாக்குறை இருப்பதால், அங்குள்ள பள்ளிகள் பிற நாட்டவரை எடுப்பது உண்மைதான். அப்படி எடுக்கும் பள்ளிகளில் சார்ட்டர் பள்ளிகளும் அடங்கும். அவற்றில் ஒரு பிரிவு, துருக்கி நாட்டு மத அறிஞர் ஃபெத்துல்லா குலனைப் பின்பற்றுவோர் தொடங்கியது. அப்பள்ளிகளைப் பற்றி அங்கேயே பணியாற்றிய ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கவலைகளை எழுப்பி வந்திருக்கிறார்கள். அந்தக் கவலைகள் எவை, அவற்றில் எது ஆவணத்தோடு நிற்கிறது, வேலைக்குச் செல்ல நினைக்கும் ஒருவர் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சார்ட்டர் பள்ளியின் அடிப்படை அமைப்பு, எய்டட் பள்ளியை, அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளியை, அறிந்த நமக்குப் புதிதல்ல. நடத்துவது தனியார் நிர்வாகம். செலவுக்கான பணம் அரசுடையது. மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடக்கும். 1991-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. இன்று அந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியரின் நிலையில் பெரிய வேறுபாடு உண்டு. 1958-ஆம் ஆண்டு கேரளக் கல்விச் சட்டமும் 1959-ஆம் ஆண்டு விதிகளும் எய்டட் பள்ளி ஆசிரியரின் ஊதிய விகிதத்தையும் பணிமூப்பையும் பணிநீக்க நடைமுறையையும் வரையறுத்திருக்கின்றன. மானேஜர் நியமித்தாலும் கல்வி அதிகாரி அந்த நியமனத்தை அங்கீகரித்தால்தான் சம்பளம் வரும். சார்ட்டர் பள்ளிகளுக்கோ வழக்கமான அரசுப் பள்ளி விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஆசிரியர் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பார்; அடுத்த ஆண்டு தொடர்வாரா என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

குலன் 1941-இல் எர்சுரும் மாகாணத்தில் பிறந்தவர். 1999-இல் அமெரிக்காவுக்குச் சென்று பென்சில்வேனியாவில் தங்கி, 2024 அக்டோபரில் அங்கேயே காலமானார். ஹிஸ்மத் எனப்படும் அவருடைய இயக்கம், மதப் பாடசாலைகளைவிடக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் நவீனப் பள்ளிகளையே பல நாடுகளில் நிறுவியது. அமெரிக்காவில் அவ்வியக்கத்தோடு தொடர்புடைய சார்ட்டர் பள்ளிகள் சுமார் 120 என்று 2011-இல் பத்திரிகைகள் மதிப்பிட்டன. டெக்சாஸில் ஹார்மனி, மத்திய மேற்கு மாநிலங்களில் கான்செப்ட், கலிஃபோர்னியாவில் மக்னோலியா ஆகியவை அவற்றுள் அறியப்பட்ட குழுமங்கள். இயக்கத்தோடு தங்களுக்கு நிறுவனரீதியான உறவு எதுவும் இல்லை என்றே பள்ளிகள் கூறி வந்துள்ளன. வகுப்பறையில் மதம் போதிக்கப்பட்டது என்பது ஆசிரியர்கள் எழுப்பிய முக்கியக் குற்றச்சாட்டு அன்று. இதை முதலிலேயே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் பக்கத்தில் இதைப் பேசுவோர் உடனே மதத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். கேள்வி இருக்கும் இடமோ பணம், ஒப்பந்தம், பணியமர்த்தல் என்ற மூன்றும்தான்.

ஆசிரியர்கள் எழுப்பிய கவலைகள்

முதலாவது, வேலையும் பதவி உயர்வும் யாருக்குக் கிடைத்தன என்பது. துருக்கியிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும், வேலை தருபவர் வழியாகப் பெறும் எச்-1பி என்ற பணி விசாவில் ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டதையும், நிர்வாகப் பொறுப்புகள் பெரும்பாலும் துருக்கி ஆண்களிடமே இருந்ததையும் உள்ளூர் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று பள்ளிகள் பதில் சொன்னன. விசாவில் வந்த ஆசிரியர்களுக்கோ வேறு விதமான கவலை இருந்தது. ஊதியத்தில் ஒரு பகுதியைச் சில ஊழியர்கள் இயக்கத்துக்குத் திருப்பித் தருகிறார்களா என்று கூட்டாட்சி அமைப்புகள் விசாரித்து வருவதாக 2011 மார்ச்சில் பிலடெல்ஃபியா இன்க்வயரர் நாளிதழ் எழுதியது. விசா என்பது வேலை தருபவரின் கையில் இருக்கும்போது, விருப்பத்தோடு தரும் நன்கொடை எது, மறுக்க முடியாமல் தரும் நன்கொடை எது என்று பிரிப்பது மிகவும் கடினம். என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் கவலைக்குரியது.

இரண்டாவது, ஒப்பந்தங்கள். ஹார்மனி பள்ளிகளின் கட்டட வேலைகள் துருக்கியரின் நிறுவனங்களுக்கே பெரும்பாலும் சென்றதை 2011 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக வெளியிட்டது. தொடங்கி ஒரு மாதமே ஆன ஒரு நிறுவனத்துக்கு 82 லட்சம் டாலர் வேலை கிடைத்திருந்தது. ஏல விதிகளைப் பின்பற்றியே கொடுத்தோம் என்றது பள்ளி. 2014 ஜூனில் கான்செப்ட் குழுமத்தின் 19 இடங்களில் எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியது. பள்ளிகளுக்கு இணைய வசதி செய்து தரும் கூட்டாட்சித் திட்டத்தில், 2009 முதல் 2012 வரை, தாங்கள் முன்கூட்டியே தேர்ந்த நிறுவனங்களுக்கு வேலை சேரும்படி ஏலத்தை அமைத்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, அக்குழுமம் 2020 நவம்பரில் 45 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. சமரசத் தீர்வு என்பது குற்ற ஒப்புதல் ஆகாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது, சங்கம் அமைக்கும் உரிமை. கான்செப்ட் குழுமத்தைச் சேர்ந்த சிகாகோ கணித அறிவியல் அகாடமியின் ஆசிரியர்கள் 2010-இல் சங்கம் அமைத்தபோது, தாங்கள் அரசு அமைப்பு அல்ல, தனியார் முதலாளியே, எனவே மாநிலத்தின் கல்வித் தொழிலாளர் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று பள்ளி வாதிட்டது. 2012 டிசம்பரில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் பள்ளியைத் தனியார் முதலாளி என்றே தீர்மானித்தது. பணம் பெறும்போது பொதுப்பள்ளி, ஆசிரியரோடு பேசும்போது தனியார் நிறுவனம் என்ற இந்த இரட்டை நிலை துருக்கித் தொடர்புள்ள பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. சார்ட்டர் முறைக்குள்ளேயே இருக்கும் சிக்கல்.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் மக்னோலியாவின் இரண்டு பள்ளிகளை மூட முனைந்தது. 2015 மே மாதத்தில் வெளியான கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை, நிதி நடைமுறைகளில் குறைகள் இருப்பதாகச் சொன்னதோடு, மாவட்டம் அவசரப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. அடுத்து அரசியல் உள்ளே வந்தது. 2016 ஜூலை 15 அன்று துருக்கியில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு அந்நாட்டு அரசு குலனையே குற்றம் சாட்டியது. அவர் கடைசிவரை மறுத்தார். அந்த முயற்சிக்கு முன்பே துருக்கி அரசு அமர்த்திய சட்ட நிறுவனம் ஹார்மனிக்கு எதிராக டெக்சாஸ் கல்வித் துறையிடம் புகார் அளித்திருந்தது; துறை அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு துருக்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே வேலை பார்த்த ஆசிரியர்களின் உரிமங்கள் ஆயிரக்கணக்கில் பறிக்கப்பட்டன. 2018 செப்டம்பரில் மால்டோவா நாட்டில் ஒரு பள்ளிக் குழுமத்தைச் சேர்ந்த துருக்கியர்கள் ஒரே காலையில் பிடித்து விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அது சட்டவிரோதம் என்று 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஓர் அரசாங்கம் பணம் செலவழித்து நடத்தும் பிரசாரத்தையும், வகுப்பறையில் நின்ற ஆசிரியர் தன் கண்ணால் கண்டு சொன்னதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. உங்கள் கைக்கு ஒரு தகவல் வந்தால் அதைச் சொன்னவர் யார், அவருக்கு அதில் என்ன பங்கு என்பதை முதலில் பாருங்கள்.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

பள்ளியின் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது போதாது. பெரும்பாலும் பள்ளிக்கு ஒரு பெயர், அதை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு பெயர், மேலாண்மைக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு பெயர், கட்டடத்தின் உரிமையாளருக்கு இன்னொரு பெயர் இருக்கும். இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு, நான்கிலும் ஒரே ஆட்கள் குழு உறுப்பினர்களாக இருக்கிறார்களா என்று பாருங்கள். இலாப நோக்கற்ற அமைப்புகள் அமெரிக்க வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் 990 என்ற படிவம் பொது ஆவணம். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதில் இயக்குநர்களின் பெயரும், அதிக ஊதியம் பெறுவோரின் விவரமும், அதிகத் தொகை பெற்ற ஒப்பந்ததாரர்களின் பெயரும், உறவினரோடு நடந்த கொடுக்கல் வாங்கலும் இருக்கும். பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழு பொதுமக்கள் முன்னிலையில்தான் கூட வேண்டும், கூட்டக் குறிப்புகளை வெளியிட வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தால், ஆசிரியர்கள் எத்தனை பேர் ஆண்டின் நடுவில் விலகினார்கள் என்பதும், ஒப்பந்தங்கள் விவாதத்தோடு நிறைவேறினவா வெறுமனே கையெழுத்தானவா என்பதும் தெரிந்துவிடும். பள்ளிக்கு அனுமதி வழங்கிய அமைப்பு குறித்த கால இடைவெளியில் உரிமத்தைப் புதுப்பிக்கும். அந்தப் புதுப்பிப்பு அறிக்கை எதிர்மறையாக இருந்தால், நீங்கள் போய்ச் சேர்ந்த ஆண்டிலேயே பள்ளி மூடப்படலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விசா பள்ளியோடு கட்டப்பட்டது என்பதால், பள்ளி மூடப்படுவது உங்களுக்கு வேலை இழப்பைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

அடுத்தது விசா. எச்-1பி விசாவுக்கு வேலை தருபவர் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஊதிய உறுதிமொழி விண்ணப்பம் தாக்கல் செய்ய வேண்டும். எந்தப் பதவி, எந்த ஊர், எவ்வளவு ஊதியம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் வேலையில் சேரும் நாளுக்குள் அதன் பிரதி உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது விதி. நியமனக் கடிதத்தில் உள்ள தொகையும் அந்த விண்ணப்பத்தில் உள்ள தொகையும் வேறுபட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அத்துறை இவ்விண்ணப்பங்களின் விவரங்களைப் பொதுவில் வெளியிடுவதால், அதே பள்ளி மற்றவர்களுக்கு என்ன ஊதியம் சொல்லியிருக்கிறது என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்துக்கான வழக்கறிஞர் செலவும் அரசுக் கட்டணமும் முதலாளியின் பொறுப்பு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு, இச்செலவில் பங்கு கேட்கும் எவரையும் இன்னும் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு உள்ள விலக்கு சாதாரணப் பள்ளிக்குத் தானாகக் கிடைக்காது. ஆண்டு உச்சவரம்புக்குள் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வந்தாலும் அக்டோபர் 1 முதல்தான் வேலை தொடங்க முடியும். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போதே எச்-1பி விசாவில் வந்து சேரலாம், விசா உறுதி என்று இங்கிருந்து முதன்முறையாகப் போகிறவருக்கு ஒருவர் சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

பரிமாற்றத் திட்டத்தில் வருவோருக்கான ஜே-1 ஆசிரியர் விசா வேறு வகை. அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். மூன்று ஆண்டுகள் தங்கலாம், மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் டிஎஸ்-2019 என்ற படிவத்தை வழங்கும். ஸ்பான்சரின் பெயர் அத்துறையின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகவர் காட்டும் தாளை நம்ப வேண்டாம்.

முகவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லூசியானா மாநிலப் பள்ளிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களிடம், துருக்கி இயக்கத்தோடு சற்றும் தொடர்பில்லாத ஓர் ஆட்சேர்ப்பு முகவர், ஒவ்வொருவரிடமும் பல ஆயிரம் டாலர் வாங்கியதோடு இரண்டாம் ஆண்டுச் சம்பளத்திலும் பங்கு கேட்டார். 2012 டிசம்பரில் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அவர்களுக்கு 45 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பங்கள் வட்டிக்குக் கடன் வாங்கி ஆண்டுக்கணக்கில் தவித்திருந்தன. நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது வேண்டும். சான்றிதழ் மெய்யொப்பத்துக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் அலுவலகம் இருக்கிறது; அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் முகவரிடம் ஒருபோதும் விட்டுவிட்டு வராதீர்கள்.

நேர்காணலின்போது நீங்களும் கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது, ஓய்வூதியத் திட்டம் மாநில ஆசிரியர்களுடையதா தனியானதா, ஆண்டின் நடுவில் நீக்கினால் என்ன நடைமுறை, பள்ளி நேரத்துக்கு வெளியே கட்டாயமான நிகழ்ச்சிகள் எவை, எந்த நிதிக்காவது ஊழியர் பங்களிப்பது வழக்கமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே போதுமான தகவல். முன்பு அங்கே பணியாற்றிய, விசாவில் அல்லாத உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடமும், விசாவில் இருந்து விலகிய ஒருவரிடமும் பேசுங்கள். இருவர் காண்பதும் வேறு வேறாக இருக்கும்.

சேர்ந்த பிறகு ஐயம் எழுந்தால்

சந்தேகம் வந்த நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். தேதி, இடம், யார் என்ன சொன்னார், உடன் இருந்தவர் யார் என்பவற்றைப் பள்ளிக் கணினியில் அல்லாமல் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். மாணவரின் மதிப்பெண், வருகைப் பதிவு போன்ற ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வது மாணவர் தனியுரிமைச் சட்டத்தை மீறும். எந்த நாளில் எந்தப் பதிவு மாற்றப்பட்டது என்று குறிப்பு எழுதினால் போதும், ஆவணத்தை எடுப்பது விசாரணை அதிகாரியின் வேலை.

புகாரை எழுதும்போது செயலைக் குறிப்பிடுங்கள். நிர்வாகியின் மதத்தையோ நாட்டையோ குறிப்பிடாதீர்கள். “இவர்கள் இன்ன இயக்கத்தவர்” என்று தொடங்கும் புகார் பாகுபாடு என்று தள்ளப்படும்; உடன் பணியாற்றும் அப்பாவி ஆசிரியரையும் அது காயப்படுத்தும். “மார்ச் மாதச் சம்பளத்திலிருந்து இவ்வளவு தொகையைப் பணமாகத் திருப்பித் தரும்படி இன்னார் கேட்டார்” என்ற ஒரு வரிக்கு யாரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊதியம் தொடர்பான எச்-1பி மீறலுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவத்தில், மீறல் நடந்த 12 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். புகார் தந்ததற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். காலத்துக்கு முன் நீக்கினால் ஊர் திரும்பும் பயணச் செலவை முதலாளி தர வேண்டும். வேறு வேலை தேடவோ புறப்படவோ பொதுவாக 60 நாள் வரை அவகாசம் உண்டு. விசா நேர்காணலின்போது தூதரகத்தில் தரப்படும் தொழிலாளர் உரிமைக் கையேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். உதவி எண்கள் அதில் இருக்கின்றன. நிதி முறைகேடு என்றால் பள்ளிக்கு அனுமதி வழங்கிய அமைப்புக்கும் மாநிலத் தணிக்கையாளருக்கும் எழுதலாம். தனியாக எழுதுவதைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவது பாதுகாப்பானது. சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கு

கடல் தாண்டாமல் இங்கேயே ஏதேனும் சமய அமைப்போ சமுதாய அமைப்போ நடத்தும் எய்டட் பள்ளியில் சேர்வோருக்கும் இதே கேள்விகள் பொருந்தும். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30-ஆம் பிரிவு காக்கிறது. நம் தமிழ்ப் பள்ளிகளும் அந்த நிழலில்தான் நிற்கின்றன, எனவே அவ்வுரிமையை இழிவாகப் பேச நமக்கு இடமில்லை. அதே அரசமைப்பின் 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எவரையும் அவருடைய சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. நியமனத்துக்கு முன் “டொனேஷன்” கேட்கப்பட்டால், பணியிடம் உண்மையில் காலியாக உள்ளதா, மாணவர் எண்ணிக்கை அதைத் தாங்குமா, முன்பு பணியிழந்த ஆசிரியர் எவருக்காவது கேரளக் கல்வி விதிகளின் 51ஏ விதிப்படி முன்னுரிமை உண்டா என்று ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்தில் விசாரியுங்கள், பணம் கொடுத்தும் நியமன அங்கீகாரம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் சம்பளமின்றி வேலை பார்ப்போர் நம் பகுதியிலும் உண்டு.

வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் பள்ளிகளே இச்சட்டத்தின் கீழ் வரும் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தமிழர்களுக்கு அளித்திருக்கிறது. பதிலும் தமிழிலேயே வர வேண்டும். மனுவின் ஒரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதை நியமன ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.